கல்முனைக் கரையில் பாக்கியவான் யார்?

2004 டிசம்பர் 26. கல்முனை வைத்தியசாலைக்கு ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடல் வாரிச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போன குப்பைக்குள் கிடந்த பிள்ளை. பேர் தெரியாது, ஊர் தெரியாது, தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்பதும் தெரியாது. அன்றைக்கு அனுமதிக்கப்பட்டவர்களில் 81ஆவது ஆள் என்பதால் ‘குழந்தை 81’ என்று எழுதி வைத்தார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் வந்து, இது என்னுடையது என்று அழுதார்கள். ஒன்பது பேர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. விவகாரம் கல்முனை நீதிமன்றத்துக்குப் போய், மரபணுப் பரிசோதனை நடந்து, 2005 பெப்ரவரியில்தான் பிள்ளை பெற்றவர்களின் கைக்கு வந்தது.

ஆண்டவனின் ஆசி பெற்ற பிள்ளை என்று ஊரும் உலகமும் சொன்னது. அமெரிக்கத் தொலைக்காட்சி அழைத்துப் பேட்டி எடுத்தது. அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாக வெளியே தெரியாது. வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் குடும்பத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று அக்கம்பக்கம் நம்பியது. நிவாரணம் கேட்டுப் போன இடத்தில், உங்களுக்கு எதற்கு என்று கேட்டார்கள். பெற்றோர் பின்னாளில் செய்தியாளர்களிடம் சொன்ன குறை இது. பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போனபோதும் ‘சுனாமிப் பிள்ளை’ என்ற பட்டப்பெயர் கூடவே போனது.

ஆசி பெற்றவன் என்ற பெயர் இந்தக் கரையில் அவ்வளவு லேசான சுமை இல்லை. பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு கிடக்கும் ஊர்கள். ஒரு ஊரில் பாங்குச் சத்தம், அடுத்த ஊரில் கோயில் மணி. சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். பள்ளிவாசல், கோவில், தேவாலயம் என்று கடல் பார்க்கவில்லை. இந்த ஊர்களுக்கு நடுவே கிறிஸ்தவர்கள் சின்னஞ்சிறு கூட்டம். மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். ஆனாலும் கல்முனையில் கார்மேல் பற்றிமாக் கல்லூரியும் உவெஸ்லி உயர்தரப் பாடசாலையும் இல்லாத கதை எந்தக் குடும்பத்திலும் முழுமையாக இராது. முஸ்லிம் வீட்டிலும் சரி, இந்து வீட்டிலும் சரி, யாராவது ஒருவர் ‘சிஸ்டர்மாரிடம்’ படித்திருப்பார்.

அப்படிப்பட்ட ஊரில், கிறிஸ்தவர்கள் ஒருவரை ‘பாக்கியவான்’ என்றோ ‘பேறுபெற்றவர்’ என்றோ சொல்லும்போது எதைத்தான் சொல்கிறார்கள்?

முதலில் ஒரு படகுக் கதை. மட்டக்களப்பில் நாவலடி என்று கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய ஒரு மணல் திட்டு. அங்கே தயாளன் சாண்டர்ஸ் என்பவர் ‘சமாரியன்’ என்ற பெயரில் ஒரு சிறுவர் இல்லம் நடத்தி வந்தார். அலை வருவதைக் கண்டவுடன் 28 பிள்ளைகளையும் வேலையாட்களையும் ஒரே படகில் ஏற்றினார். வழக்கமாகப் பலமுறை இழுத்தாலும் மக்கர் பண்ணும் இயந்திரம் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அவர் எழுந்து நின்று, இயேசுவின் பெயரால் நில் என்று அலையைப் பார்த்துக் கத்தினாராம். படகு வாவிக்குள் பாய்ந்தது. பிள்ளைகள் எல்லோரும் பிழைத்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் தொடங்கி உலகெங்கும் சபைகளில் சாட்சியாகச் சொல்லப்பட்ட சம்பவம் இது.

கேட்டால் மயிர்க்கூச்செறியும் கதைதான். அந்த மனிதரின் துணிச்சலிலோ நம்பிக்கையிலோ சந்தேகப்பட எதுவும் இல்லை. ஆனால் அதே நாவலடியில் அதே காலையில் நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அவர்களிலும் செபம் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள், தேவாரம் பாடியவர்கள் இருந்திருப்பார்கள். சாட்சி சொல்லும் மேடையில் இந்த இரண்டாவது பாதியை யாரும் தொடுவதில்லை. தொட்டால் கேள்வி வரும்: படகில் இருந்தவர்களுக்கு ஆசி என்றால், கரையில் நின்றவர்களுக்கு அது என்ன?

இந்தக் கேள்விக்குச் சிலரிடம் பதில் தயாராக இருந்தது. பாவம் கூடிவிட்டது, அதனால் வந்த தண்டனை என்று எல்லா மதங்களிலும் சொன்னார்கள். களுத்துறைக் கடற்கரையின் செய்மதிப் படத்தில் பின்வாங்கும் அலை ‘அல்லாஹ்’ என்று அரபு எழுத்தில் தெரிகிறது என்று ஒரு படம் அந்த நாட்களில் கைக்குக் கை மாறியது. சில கிறிஸ்தவப் போதகர்களும் சளைக்கவில்லை. டிசம்பர் 26 நத்தாருக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போனவன் பிழைத்தான், போகாதவன் மாண்டான் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் உண்டு.

இயேசுவின் காலத்திலும் இதே கணக்கு இருந்தது. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இந்த விபத்து வருகிறது. செத்தவர்கள் ஊரில் உள்ள மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். தானே இல்லை என்றும் சொல்கிறார். யோவான் நற்செய்தியில் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கும்போதும் அதே பதில்தான். இரண்டு இடத்திலும் கணக்குப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்கிறார். மூடியவர்கள் குறைவு.

நியாயமாகப் பார்த்தால் அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பழைய ஏற்பாட்டைத் திறந்தால் ஆசீர்வாதம் என்பது பெரும்பாலும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாகத்தான் இருக்கிறது: ஆடு, மாடு, தானியம், மழை, ஆண்பிள்ளை, எதிரியின் தோல்வி. உபாகமத்தின் 28ஆம் அதிகாரம், கட்டளையைக் கைக்கொண்டால் களஞ்சியம் நிறையும், மீறினால் நோயும் பஞ்சமும் என்று பட்டியலே போடுகிறது. சம்மாந்துறை வயல்காரர் ஒருவர் அறுவடைக்குப் பிறகு நெல் மூட்டையைத் தட்டி, இந்த முறை பரக்கத்தான விளைச்சல் என்று சொன்னால் பழைய ஏற்பாட்டுக்காரர்களுக்கு உடனே விளங்கும். மோசேயின் சட்டத்துக்கும் வயல்காரரின் மகிழ்ச்சிக்கும் இடையில் தூரம் அதிகமில்லை.

முஸ்லிம் வாசகர்கள் பலர் அறியாத ஒன்று அந்தப் பழைய புத்தகத்திலேயே இருக்கிறது. ஆதியாகமத்தின் 17ஆம் அதிகாரத்தில் இறைவன் ஈசாக்கை உடன்படிக்கைக்குத் தெரிந்தெடுத்தாலும், இஸ்மவேலையும் ஆசீர்வதித்தேன் என்று ஆபிரகாமிடம் சொல்கிறான். அவனிடமிருந்து பன்னிரண்டு தலைவர்கள் தோன்றுவார்கள் என்றும் வாக்களிக்கிறான். அதாவது இப்றாஹீம் நபியின் மூத்த மகன் இஸ்மாயீல், கிறிஸ்தவர்களின் வேதத்தின்படியும் ஆசி பெற்றவரே. எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. தொட்டிலில் கிடக்கும் ஈஸா பேசுகிறார். தான் எங்கிருந்தாலும் இறைவன் தன்னை முபாரக் ஆக்கியிருப்பதாகச் சொல்கிறார். கல்முனையில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழும் இரண்டு சமூகத்தாரும் ஒருவர் வேதத்தில் மற்றவரின் மூதாதைக்கு ஆசி எழுதியிருப்பதைத் தெரியாமலே நூறாண்டுகள் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறார்கள்.

சடங்கிலும் நெருக்கம் குறைவில்லை. கொடியேற்றம் என்பது கோவிலுக்கும் உண்டு, கத்தோலிக்கத் தேவாலயத்துக்கும் உண்டு, நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாவின் பெயரால் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலுக்கும் உண்டு. பாதர் மந்திரித்த தண்ணீர், லெப்பை ஓதி ஊதிய தண்ணீர், பூசகர் தந்த தீர்த்தம் மூன்றையும் ஒரே காய்ச்சலுக்கு ஒரே பிள்ளைக்குக் கொடுத்த தாய்மார் அந்தக் காலத்தில் இருந்தார்கள். இன்று அதைச் சொன்னால் மூன்று பக்கத்திலும் முகம் சுளிப்பார்கள். 1979இல் எருசலேமுக்கு அருகே கெத்தேப் இன்னோம் என்ற இடத்தின் பழைய கல்லறையில் இரண்டு சிறிய வெள்ளித் தகடுகள் சுருட்டிய நிலையில் கிடைத்தன. கழுத்தில் கட்டிக்கொள்ளும் தாயத்துகள். விரித்துப் பார்த்தால், எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் ஆரோனின் பிள்ளைகள் மக்களுக்குச் சொல்ல வேண்டிய ஆசியுரை. கிறிஸ்துவுக்குச் சுமார் 600 ஆண்டுகளுக்கு முந்தியவை. வேதாகம வரிகள் எழுதப்பட்ட, இன்றுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய பொருள்கள் இவைதாம். உலகத்தில் எஞ்சியிருக்கும் முதல் வேத எழுத்தே ஒரு தாயத்துதான் என்பது தாயத்தைக் கண்டிக்கும் போதகர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான செய்தி.

ஆனால் அந்தப் பழைய புத்தகத்துக்குள்ளேயே இந்த நேர்க்கணக்கு உடைய ஆரம்பித்துவிடுகிறது. யாக்கோபு தகப்பனை ஏமாற்றி ஆசியைத் திருடுகிறான். பின்பு ஒரு இரவு முழுக்கக் கடவுளின் தூதனோடு மல்லுக்கட்டி இன்னொரு ஆசியைப் பெறுகிறான். விடியும்போது அவனிடம் மிஞ்சியது அந்த ஆசியும் ஒரு நொண்டிக் காலும். யோபு ஒரு குற்றமும் செய்யாமல் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழக்கிறார். ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள், நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது யோபுவோடு அல்ல, அந்தச் சிநேகிதர்களோடு.

பிறகு வருகிறது மலைப்பொழிவு. மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம். பாக்கியவான்கள் என்று இயேசு வரிசையாகச் சொல்லும் ஆட்களை எண்ணிப் பார்த்தால் ஊரில் யாரும் பொறாமைப்படாத ஆட்களாக இருப்பார்கள். மனத்தளவில் ஏழைகள், துக்கப்படுகிறவர்கள், சாந்தமானவர்கள், நீதிக்காகப் பசித்திருப்பவர்கள், இரக்கம் உள்ளவர்கள், சமாதானம் பண்ணுகிறவர்கள், நீதியின் பொருட்டு விரட்டப்படுகிறவர்கள். லூக்கா இன்னும் கறாராக எழுதுகிறார். அவருடைய பதிவில் ‘மனத்தளவில்’ என்ற சமாதானம் இல்லை. வெறும் ஏழைகள், இப்போது பட்டினி கிடப்பவர்கள். அதோடு எதிர்ப்பட்டியலும் உண்டு: செல்வந்தர்களுக்கும் வயிறு நிறைந்தவர்களுக்கும் இப்போது சிரிப்பவர்களுக்கும் ஐயோ கேடு. இந்த எதிர்ப்பட்டியலைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் வீட்டைக் காண்பது அரிது.

காந்தி 1927 நவம்பரில் இலங்கை வந்தபோது கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் கிறிஸ்தவர்களிடம் பேசினார். மலைப்பொழிவும் தம்முடைய சொந்த விளக்கமும் மட்டும் போதும் என்றிருந்தால் தம்மைக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்ளத் தயங்கமாட்டேன் என்ற பொருளில் சொன்னார். கிறிஸ்தவம் என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி அந்தப் பொழிவுக்கு நேரெதிர் என்றும் கூடவே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிக்குக் கைதட்டியிருப்பார்கள்.

அந்த நேரெதிருக்கு இன்றைய உதாரணம் தேட அதிக தூரம் போக வேண்டாம். கொழும்பு, மட்டக்களப்பு, சென்னை, கனடா எங்கும் ‘ஆசீர்வாதப் பெருவிழா’ சுவரொட்டிகள். காணிக்கை ஒரு விதை, போட்டால் நூறு மடங்கு முளைக்கும். வீசா கிடைக்கும், வீடு எழும்பும், கடன் தீரும். அமெரிக்கப் பிரசங்கியார் ஓரல் ராபர்ட்ஸ் 20ஆம் நூற்றாண்டில் ‘விதை விசுவாசம்’ என்று பிரபலப்படுத்திய சரக்கு இது. மேற்படி உபாகமம் 28ஐ மட்டும் கிழித்தெடுத்து, யோபுவையும் மலைப்பொழிவையும் அலமாரியில் வைத்துவிட்டால் இந்தப் போதனை கச்சிதமாக வரும். கடன்பட்டு முத்தையன்கட்டிலோ கட்டாரிலோ உழைக்கும் மனிதனிடம், உனக்கு ஆசி வராததற்கு உன் நம்பிக்கைக் குறைவே காரணம் என்று சொல்வது யோபுவின் சிநேகிதர்கள் செய்த வேலைதான்.

கல்முனைப் பாடசாலைக்குத் தன் பெயரைத் தந்த ஜோன் உவெஸ்லி இதைக் கேட்டால் திகைத்துப்போவார். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய அந்த ஆங்கிலேயர் ஒக்ஸ்போர்டில் இருந்த காலத்தில் ஆண்டுக்கு 28 பவுணில் வாழப் பழகினார் என்பார்கள். வருமானம் 30 பவுணாக இருந்தபோது 2 பவுண் தானம். 60 ஆனபோதும் தன் செலவு அதே 28, மிச்சம் தானம். அவருக்கு வருமானம் பெருகப் பெருகக் கையைவிட்டுப் போவதுதான் பெருகியது.

அவருடைய சபையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த முதல் ஆள் வில்லியம் ஓல்ட். 1813 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட கப்பலில் அவருடைய மனைவி இறந்தார். குழுவுக்குத் தலைமை தாங்கிய தோமஸ் கோக்கும் இலங்கையைக் காணாமலே அதே பயணத்தில் இறந்து கடலில் அடக்கம் செய்யப்பட்டார். மிஞ்சியவர்கள் 1814 ஜூன் இறுதியில் காலியில் கரையேறி ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். ஓல்டுக்கு விழுந்தது மட்டக்களப்பு. நோய் பரவியிருந்த காலம். தனியாளாகப் பாடசாலைகளைத் தொடங்கினார், தமிழ் படித்தார், 1815 ஏப்ரல் 1 அன்று இறந்தார். மொத்தத்தில் எட்டு மாதம். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை 1814இலிருந்து எண்ணுவது இவரால்தான். ஆசீர்வாதப் பெருவிழா மேடையில் சாட்சி சொல்ல இவரை யாரும் அழைத்திருக்கமாட்டார்கள்.

அவர் போட்ட பாதையில் பின்னால் வந்தவர்கள் கல்முனையிலும் ஆங்கிலப் பாடசாலை வைத்தார்கள். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற சிறுவன் அங்கே படித்தான். பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கத்தோலிக்கக் குருமாரிடம் படித்தான். அவன் கிறிஸ்தவனாகவில்லை, இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி விபுலாநந்தரானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், ‘யாழ் நூல்’ எழுதியவர். மிஷன் கணக்கில் ஓர் ஆத்துமா கூடவில்லை என்று யாராவது எழுதிவைத்தார்களோ தெரியாது. ஆபிரகாமுக்குக் கிடைத்த ஆசியின் நிபந்தனை அவனாலே மற்ற இனங்கள் ஆசி பெறவேண்டும் என்பது. அந்த அளவுகோலை வைத்தால் கிழக்கில் அந்தப் பாடசாலைகள் செய்த காரியத்துக்கு இணையாக வேறொன்றைக் காட்டுவது கடினம்.

சமாதானம் பண்ணுகிறவர்கள் என்ற வரிக்கு இந்தக் கரை கொடுத்த விலை வேறு. 1990 கிழக்கின் இருண்ட ஆண்டு. ஒகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாட்களில் ஏறாவூரில் முஸ்லிம்களும், வீரமுனையில் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களும். ஊருக்கு ஊர் பழிக்குப் பழி. அதே ஆண்டில் கல்முனைக்கு அருகே சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத்தின் பங்குத்தந்தை செல்வராஜா காணாமல் போனார். ஒகஸ்ட் 15 அன்று அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹீபர்ட் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஒரு தமிழ் இளைஞரோடு மறைந்தார். லூசியானாவிலிருந்து 1948இல் வந்தவர். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். கலவரத்தில் அகப்பட்டவர்களை மீட்கும் வேலையில் போய்வந்துகொண்டிருந்தார். அவருக்கு என்ன நடந்தது என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

அவரோடு ஒரே காலத்தில் வந்த பாதர் ஹாரி மில்லர் மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்து, காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து வைத்தார். முகாம் வாசலில் நின்று பிள்ளையைக் கேட்கும் தாய் தமிழச்சியா முஸ்லிமா என்று அவர் பார்த்ததில்லை. சமாதானம் பண்ணுவது என்பது மேடையில் மூன்று மதத் தலைவர்கள் கைகோத்துப் படம் எடுப்பது என்று நினைப்பவர்கள் அந்தத் தட்டச்சு இயந்திரத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ‘ஆசி பெற்றவர்’ என்பதற்கு இன்னொரு, சட்டபூர்வமான பொருளும் இருக்கிறது. அது ஒரு படிநிலை. இறைஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்று ஏறும் ஏணியில் மூன்றாவது படி. இலங்கையில் அந்தப் படி ஏறிய பெயர் யோசப் வாஸ். கோவாக்காரர். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். பிச்சை எடுத்து, ஒளிந்து, கடைசியில் கண்டி இராச்சியத்துக்குள் போனார். உளவாளி என்று சிறை வைத்த பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனே பின்னர் அவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது சொந்தக்காரர்களே விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளை அவர் எடுத்துப் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார்.

அதே கண்டி அரண்மனைதான் அதற்கும் முன்பு, 1626இல், போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்கள் நாலாயிரம் பேரைக் கிழக்குக் கரையில் குடியேற்றியது. செனரத் மன்னன் காலம். விரட்டியவர்கள் கத்தோலிக்கர். பிறகு சக்கரம் சுழன்று கத்தோலிக்கர் விரட்டப்பட்டபோது அவர்களுக்கும் அதே அரண்மனை நிழல் கொடுத்தது. அம்பாறைக் கரை முஸ்லிம்களின் வரலாறும் இலங்கைக் கத்தோலிக்கரின் வரலாறும் ஒரு பௌத்த அரச குடும்பத்தின் திண்ணையில் சந்திக்கின்றன. பாடப்புத்தகங்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் ஏனோ எழுதுவதில்லை.

வாஸ் அடிகளாரை 1995 ஜனவரி 21 அன்று பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல் காலிமுகத்திடலில் அருளாளர் என்று அறிவித்தார். 2015 ஜனவரி 14 அன்று அதே திடலில் பிரான்சிஸ் அவரைப் புனிதர் ஆக்கினார். அருளாளர் ஆவதற்கு ஒரு புதுமை மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது ரோமின் பொது விதி. நம்பிக்கைக்காக உயிர் கொடுத்த மறைசாட்சிகளுக்கு மட்டும் அது தேவையில்லை, சாவே சாட்சி.

இந்த விதி 2019க்குப் பிறகு இலங்கையில் வெறும் ஏட்டு விதியாக இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலுமாக நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பு சியோன் சபையில் ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகில் பையோடு வந்தவனைச் சபையைச் சேர்ந்த ஒருவர் சந்தேகப்பட்டு மண்டபத்துக்குள் விடாமல் மறித்தார். வெடி வெளியிலேயே வெடித்தது. உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். மறித்தவர் இல்லை, முற்றத்துப் பிள்ளைகள் பலர் இல்லை. இங்கும் தப்பியவர்களை வைத்து ஆசியை அளக்கத் தொடங்கினால் நாவலடிக் கேள்வியில்தான் போய் முட்ட வேண்டும்.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை இரவு, சாய்ந்தமருது. சுனாமிக்குப் பிறகு எழுந்த வொலிவேரியன் கிராமத்தில் ஒரு வாடகை வீடு. புதிதாகக் குடிவந்தவர்கள் மேல் ஊர்க்காரர்களுக்கும் பள்ளிவாசல்காரர்களுக்கும் சந்தேகம். நேரே போய்க் கதவைத் தட்டி விசாரித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அந்தத் தாக்குதல்களோடு தொடர்புடையவர்கள், அவர்கள் மிரட்டினார்கள். செய்தி பொலிசுக்குப் போனது. மோதலும் வெடிப்புகளும் முடிந்தபோது குழந்தைகள் உட்பட 15 பேரின் உடல்கள் கிடந்தன. தாக்குதல்காரர்களின் உடல்களைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் அமைப்பான ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அந்தக் கதவைத் தட்டாமல் விட்டிருந்தால் இன்னொரு ஊரில் இன்னொரு கூட்டம் செத்திருக்கும். மலையில் சொன்ன பட்டியலில் இயேசு மதம் எதுவென்று கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த மாதங்களில் இந்த ஊர் மக்களுக்குக் கிடைத்தது சோதனைச் சாவடியும் சந்தேகப் பார்வையும்தான்.

2025 ஏப்ரலில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒரு செய்தி சொன்னார்: உயிர்த்த ஞாயிறன்று இறந்த 167 கத்தோலிக்கரின் பெயர்களை வத்திக்கான் ‘நம்பிக்கையின் சாட்சிகள்’ பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது அருளாளர் பட்டம் அல்ல, அதற்கு முந்திய ஓர் அடையாளம் மட்டும். இன்னொரு பக்கம், தாக்குதலின் பின்னால் இருந்தவர்கள் யார் என்று கேட்டு அதே கர்தினால் ஆண்டுக்கணக்காக அரசுகளோடு மோதிக்கொண்டிருக்கிறார். மன்னிப்பதாகவும் அறிவித்தார், விசாரணையையும் விடவில்லை. நீதிக்காகப் பசித்திருப்பவர்களும் மலைப்பொழிவின் பட்டியலில் உண்டு என்பதால் இதில் முரண்பாடு எதுவும் இல்லை.

சியோன் சபையில் செத்தவர்கள் அந்த 167இல் இல்லை. அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். அவர்களுடைய சபையில் ஏணியும் இல்லை, படியும் இல்லை, பட்டமும் இல்லை. அந்தக் குடும்பங்களில் சில இன்றும் மட்டக்களப்பில், கல்முனையில், நம் பக்கத்துத் தெருவில்தான் இருக்கின்றன. அவர்களையோ, கடலில் பிள்ளையைக் கொடுத்தவர்களையோ காணும்போது, உங்களுக்காவது ஆண்டவன் உயிரை விட்டுவைத்தானே, அது ஒரு பாக்கியம் என்று ஆறுதல் சொல்வது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசினால் கேளுங்கள்.